இருபத்தைந்தாயிரத்துக்குள் ஒரு ரோடு பைக்

ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயரும் வைத்த வேக சைக்கிள், ஒன்று வாங்க வேண்டும், கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது என்று சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். காலையில் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) நம்மைத் தாண்டிப் பறக்கிறவர்கள், "இன்னும் ஒரு வருஷம் பொறுங்க ப்ரோ, ஒரு அறுபது எழுபது சேர்த்து ஒழுங்கான வண்டியா எடுங்க" என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள், "பத்தாயிரத்துக்கே கியர் வச்ச சைக்கிள் வருதாமே, உனக்கு எதுக்கு அவ்வளவு?" என்பார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பொறுத்திருந்து சேர்க்கும் பணம் எங்கள் வீட்டில் முழுசாகத் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. பள்ளிக்கூட ஃபீஸ் வரும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜ் படுத்துக்கொள்ளும். அந்தப் பத்தாயிரம் ரூபாய் வண்டியோ என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

முன்னால் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், பெயருக்கு 21 கியர். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வர அது நன்றாகவே உழைத்தது. சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். திருவான்மியூரில் விடியும் முன்பே கூடிக் கிளம்பும் கூட்டத்தோடு நானும் போவேன். நீலாங்கரை வரை பேசிக்கொண்டே மிதிப்போம். உத்தண்டி தாண்டியதும் அவர்களுடைய பின்விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போகும். நான் முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது அவர்கள் கோவளத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல மனிதர்கள், காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருப்பதுதான் எனக்குச் சங்கடம்.

ரோடு பைக் எதனால் வேகமாகப் போகிறது என்று தெரிந்துகொண்டாலே கொஞ்சம் பணம் மிச்சமாகும். எடை குறைவு, அதனால் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சமதளத்தில் மணிக்கு 25, 30 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் கால் செய்கிற வேலையில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் இன்னும் கொஞ்சம் போகும். எடை தன் குணத்தைக் காட்டுவது மேட்டில் ஏறும்போதும் சிக்னலில் நின்று கிளம்பும்போதும்தான். ஆக, ஆட்டுக்கடா கொம்புபோல் வளைந்த அந்த ஹேண்டில்பார் நம்மைக் குனிய வைக்கிறதே, அதற்குத்தான் முதல் மரியாதை. காற்று நன்றாக அடைத்த ஒல்லி டயருக்கு இரண்டாவது. இந்த இரண்டும் இருபதாயிரம் ரூபாய் வண்டியிலும் உண்டு, இரண்டு லட்சம் ரூபாய் வண்டியிலும் உண்டு.

சர்வதேசப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைவான வண்டியை உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ விடுவதில்லை. பெரிய விலைக் கார்பன் ஃபைபர் வண்டிகள் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கும். நம் பட்ஜெட்டில் கிடைக்கும் அலுமினிய வண்டி பத்து, பதினொரு கிலோ வரும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு கிலோவைக் குறைக்கத்தான் லட்சங்கள் செலவாகின்றன. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏறுகிறவருக்கு அது பெரிய விஷயம்தான். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம். இங்கே நமக்கு மலை என்பது எதிர்காற்று மட்டும்தான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் தெரியும். அந்தக் காற்றை எதிர்க்க எடை குறைந்த வண்டி உதவாது, குனிந்த முதுகுதான் உதவும். கையில் காசு குறைந்தவன் ரோடு பைக் ஓட்ட இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். தூத்துக்குடிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

முதலில் புது வண்டிகளைத்தான் பார்த்தேன். பாரிமுனைப் பக்கத்துச் சைக்கிள் கடைகள், பெரிய ஸ்போர்ட்ஸ் கடைகள், நான்கு கம்பெனி வண்டிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் ஏசி ஷோரூம்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். நேரமும் சரியாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருந்தது. இருந்தாலும் என் தொகைக்கு உள்ளே நின்றவை பெரும்பாலும் ரோடு பைக் மாதிரியான வண்டிகள். வளைந்த ஹேண்டில் இருக்கும், பளபளவென்று தடித்த குழாய்கள் இருக்கும், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் இருக்கும். தூக்கிப் பார்த்தால் என் பழைய வண்டியின் எடை. "என்ன சைஸ்ல இருக்கு?" என்று கேட்டால், "எல்லாருக்கும் செட்டாகும் சார்" என்பார்கள். எல்லாருக்கும் செட்டாகும் என்று சொன்னால், ஒரே அளவில்தான் வருகிறது என்று அர்த்தம்.

அந்த டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நல்ல ஹைட்ராலிக் டிஸ்க், மழையில் அருமையாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. விலை குறைந்த வண்டியில் போடுவது கேபிளால் இழுக்கும் மலிவு ரகம். தகடு கொஞ்சம் கோணினாலும் 'கிஸ் கிஸ்' என்று உரசிக்கொண்டே வரும், எடையும் கூடும். அதே காசுக்கு, ரிம்மைப் பிடிக்கிற ஒழுங்கான டூயல் பிவட் பிரேக் நன்றாக நிற்கும். கட்டை தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

இன்னொன்று பின்சக்கரத்தில் இருக்கிறது. மலிவு வண்டிகளில் பின்பக்கப் பல்சக்கரங்கள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகிய ஃப்ரீவீலாக வரும். ஊர் சைக்கிளில் ஒற்றைப் பல்சக்கரத்துக்கு அது பிரமாதமான ஏற்பாடு. ஆறு, ஏழு பல்சக்கரம் அடுக்கும்போது வலதுபக்க பால்ரஸ் உள்ளே தள்ளிப் போய்விடுகிறது. அச்சின் நீளமான முனை ஆதரவில்லாமல் வெளியே நிற்கும். பள்ளத்தில் இறங்கி இறங்கி ஒருநாள் அச்சு வளையும். பல்சக்கர அடுக்கை ஹப்பின் மேல் செருகிப் பூட்டும் கேசட் ரகத்தில் பால்ரஸ் ஓரத்திலேயே உட்காருவதால் அந்தத் தொல்லை குறைவு. கடைக்காரரிடம் "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிகிறதா என்பதை வைத்தே கடையையும் எடை போட்டுவிடலாம்.

கியர் விஷயத்தில், பாகங்கள் செய்யும் ஜப்பான் கம்பெனியான ஷிமானோவின் படிவரிசை தெரிந்தால் போதும். அடியில் டூர்னி, அதற்கு மேல் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, உச்சியில் டியூரா ஏஸ். கிளாரிஸ் என்றால் பின்னால் 8 பல்சக்கரம், சோராவில் 9, டியாக்ராவில் 10. இப்போது இந்த மூன்றையும் ஓரங்கட்டிவிட்டு கியூஸ் என்ற புதிய வரிசையைக் கம்பெனி கொண்டுவந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதனால் லாபம்தான், ஏனென்றால் பழைய கிளாரிஸ் வண்டிகளின் மவுசு குறைகிறது. எட்டுப் பல்சக்கரத்துக்கான செயின் தடிமனானது, மலிவானது, எங்கேயும் கிடைக்கும், சரியாக டியூன் செய்யாவிட்டாலும் சமாளித்து ஓடும். முதல் ரோடு பைக்குக்கு கிளாரிஸுக்கு மேல் ஆசைப்படத் தேவையில்லை என்பது என் கட்சி. டூர்னிக்குக் கீழே பெயர் தெரியாத ரகங்களும் உண்டு. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. டயரை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், கியரையே மொத்தமாகக் கழற்றி வேறு மாட்டலாம். மாற்ற முடியாதது ஃப்ரேமின் அளவு ஒன்றுதான். பெரிய ஃப்ரேமில் கை எட்டாமல் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். சின்ன ஃப்ரேமில் முழங்கால் மடங்கியே கிடக்கும். பணம் இருக்கிறவன் தவறான அளவை வாங்கினால் விற்றுவிட்டு வேறு எடுப்பான், நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பட்ஜெட் போட்டு வாங்குகிறவர்தான் அளவு விஷயத்தில் பணக்காரரைவிடக் கறாராக இருக்க வேண்டும். கடைகளில் எல்லாரும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இன்ச் டேப்பிலிருந்து தொடங்கினேன்.

வீட்டிலேயே அளக்கலாம். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த நோட்டைக் கால்களுக்கு நடுவில் சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை ஒருவர் அளக்க வேண்டும். என் மகள்தான் அளந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல். எனக்கு 77 செ.மீ. வந்தது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1986, 1989, 1990 என்று மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்த அளவை 0.67-ஆல் பெருக்கினால் ஃப்ரேம் அளவு, 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை உள்ள உயரம். எனக்கு 51.6 செ.மீ., 68 செ.மீ. என்று வந்தது. மேல்குழாய் நேராகப் படுத்திருந்த காலத்துக் கணக்கு அது. இப்போதைய ஃப்ரேம்களில் மேல்குழாய் சரிந்து வருவதால் முதல் எண்ணை அப்படியே நம்ப முடியாது, கம்பெனியின் அளவு அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஆனாலும் 56 அளவு வண்டி என்ன விலையில் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க அந்த எண் எனக்கு உதவியது. எத்தனை நல்ல வண்டிகளை அப்படி விட்டேன் என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

புதிதில் தேறாது என்று தெரிந்ததும் செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்பினேன். இங்கேதான் 2020-க்கு நன்றி சொல்ல வேண்டும். ஊரடங்கில் ஜிம் மூடியிருந்தது, ரோடு காலியாக இருந்தது, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் சைக்கிள் வாங்கினார்கள். கடைகளில் சரக்கே இல்லாமல் போனது. அதே வருஷம் ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு பக்கம் சைக்கிளுக்கு அப்படி ஒரு கிராக்கி, இன்னொரு பக்கம் சைக்கிள் தொழிற்சாலைக்குப் பூட்டு. அப்போது வாங்கிய வண்டிகள் பலவும் ஆபீஸ் திறந்ததும் பால்கனிக்குப் போய்விட்டன. ஓஎம்ஆர் அடுக்குமாடிகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும், துணிக்கொடிக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம் எட்டிப் பார்க்கும். அதிகம் ஓடாத, நல்ல வண்டிகள். இடத்தை அடைக்கின்றன என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவை.

விளம்பரத்தில் பார்த்த ஒன்றுக்காக நீலாங்கரைக்குப் போனேன். கடலைப் பார்த்த வீடு. படத்தில் வண்டி ஜொலித்தது. நேரில் போல்ட்டுகளின் தலையெல்லாம் செம்மண் நிறம். உப்புக்காற்று வேலையைக் காட்டியிருந்தது. சீட்டைத் தாங்கும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. அலுமினியக் குழாய் ஃப்ரேமுக்குள்ளேயே இறுகிப் பிடித்துவிட்டது. அந்தச் சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கழற்றப் போனால் ஃப்ரேமே போனாலும் போகும். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.

பிறகு சோழிங்கநல்லூரில் ஒன்று வந்தது. அலுமினிய ஃப்ரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மட்டும் கார்பன், கிளாரிஸ் கியர், அளவு 52. கேட்ட விலை 22,000. ஸ்டிக்கரில் இருக்கும் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் எல்லாரும் அந்த ஒன்றையே தேடுவீர்கள். என் தெருமுனையில் கடை வைத்திருக்கும் அண்ணனை இந்த முறை துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்பத்தூரில் டிஐ கம்பெனி செய்த ஹெர்குலஸ், பிஎஸ்ஏ வண்டிகளைச் சின்ன வயதிலிருந்தே பிரித்து மாட்டியவர். கியர் வண்டி என்றாலே முகம் சுளிப்பார். ஆனால் இரும்பைப் பற்றி அவரை ஏமாற்ற முடியாது.

பதினொன்றாவது மாடி. வண்டிக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார். "லாக்டவுன்ல வாங்கினது ப்ரோ. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடிருக்காது," என்றார். எல்லாரும் சொல்வதுதான். அண்ணன் பதில் பேசாமல் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் டேப்பை வைத்தால் அங்கிருந்து 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ஓட ஓடச் செயின் நீளும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். அண்ணன் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். 12-லேயே நின்றது. "உண்மைதான் தம்பி, ஓடல," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வண்டிக்காரருக்குக் கேட்கும்படி சொன்னால் பேரம் போய்விடுமே.

அடுத்து ரிம். பிரேக் கட்டை உரசும் இடத்தில் ஒரு ஸ்கேலின் விளிம்பை வைத்தார். உள்ளே குழிந்திருந்தால் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். தெரியவில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பார்த்தார். பின்சக்கரத்தில் லேசான கோட்டம், எடுத்துவிடலாம். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், ஆட்டம் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உந்தினார், ஹேண்டிலின் கழுத்துப் பக்கம் 'டக்' சத்தம் இல்லை. சீட் குழாய் திரும்பியது. கார்பன் ஃபோர்க்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, மொபைல் டார்ச் அடித்து, விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தோம். கார்பனில் விரிசல் விழுந்தால் வெளியே தெரிவது முடி அளவுதான், உள்ளே எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. முழுக் கார்பன் ஃப்ரேமை முன்பின் தெரியாத ஆளிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் நம்பரை பில்லோடு ஒப்பிட்டோம். பில் இல்லை, தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் நமக்கு வேண்டாம்.

குறைகளும் இருந்தன. டயர்களின் பக்கச்சுவர் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ட்யூப் வாயில் ரப்பர் ஒட்டிப் பிடித்திருந்தது. செயின் நீளாவிட்டாலும் எண்ணெய் காணாமல் சில கண்ணிகள் விறைத்துப் போயிருந்தன. கேபிள் உறைக்குள் துரு.

"சார், டயர் ரெண்டும் போச்சு. ட்யூப், செயின், கேபிள், எல்லாம் மாத்தணும். அஞ்சாறு ஆயிரம் இவரு கையில இருந்து போவும்," என்றார் அண்ணன்.

"அதுக்காக? நாப்பதுக்கு மேல குடுத்து வாங்கினது ண்ணா."

"வாங்கின வெலையச் சொன்னா எப்படி சார்? ஓட்டி அனுபவிச்சிருந்தா பரவால்ல."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது: "குடுத்து அனுப்புடா. துணி காயப்போட எடமில்லாம அஞ்சு வருஷமா இடிச்சுக்கிறேன்." பேரம் அங்கேயே முடிந்தது. 16,000 ரூபாய். ஜிபேயில் பணம் போனதும் அந்த அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். மகனைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

அண்ணன் கடையில் ஒரு முழு ஓவராயில் நடந்தது. 28 மி.மீ. டயர் இரண்டு 2,400, ட்யூப் 500, எட்டுப் பல்சக்கரத்துக்கான செயின் 900, கேபிளும் உறையும் 600, பிரேக் கட்டை 500, கூலி 800. பிறகு ஹெல்மெட் 1,600, முன்பின் விளக்குகள் 1,000, காத்தடிக்கிற பம்ப் 900. மொத்தம் 25,200. அந்த 200 ரூபாயை வீட்டில் கணக்குக் காட்டவில்லை.

டயர் விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள், கவனம். நம் அப்பா காலத்துச் சைக்கிளின் '28 இன்ச்' டயர் 635 மி.மீ. ரிம்முக்கானது. ரோடு பைக்கின் 700சி ரிம் 622 மி.மீ. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மாட்டினால் பொருந்தாது. டயரின் பக்கத்தில் 28-622 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அந்தக் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ட்யூபின் வாயும் வேறு. பிரெஸ்டா என்பார்கள். ஒல்லியாக, உச்சியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் வாய் அதைப் பிடிக்காது. அதற்கென்று ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறது. ஐம்பது ரூபாய்க்குள்தான். அதை வாங்கி ட்யூபின் வாயிலேயே மாட்டி வைத்துவிடுங்கள். எந்த ஊர் பஞ்சர் கடையிலும் காத்தடிக்கலாம். கடைக்காரர் மோட்டார் சைக்கிள் நினைப்பில் ஒரே அமுக்காக அமுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் எடைக்கு 28 மி.மீ. டயரில் எழுபது எண்பது பிஎஸ்ஐ போதும். கல்லாகக் காத்தடித்தால் வேகம் வரும் என்பது சென்னை ரோட்டுக்கு ஒத்துவராத நம்பிக்கை. குதித்துக் குதித்துத்தான் போக வேண்டியிருக்கும்.

பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஆணியோ கண்ணாடியோ இல்லை. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றின் உள்ளே இருக்கும் முடி போன்ற கம்பி ரோட்டு ஓரமெல்லாம் கிடக்கிறது. அது டயருக்குள் இறங்கி, ட்யூபை மெதுவாகக் குத்தும். புது ட்யூப் மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் முழுசாகத் தடவிப் பார்த்து அந்தக் கம்பியைப் பிடுங்காவிட்டால் அடுத்த ட்யூபும் ஒரு மணி நேரத்தில் காலி. இடுக்கி ஒன்று டூல் பையில் இருக்கட்டும், புருவம் திருத்தும் இடுக்கியே போதும்.

வாங்காமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். காலோடு பூட்டிக்கொள்ளும் பெடலும் அதற்கான ஷூவும் வாங்கவில்லை, சாதாரணப் பெடலும் பழைய கேன்வாஸ் ஷூவும் போதுமாக இருக்கின்றன. ஜெர்சி வாங்கவில்லை. அடியில் மெத்தை வைத்த ஷார்ட்ஸ் ஒன்று மட்டும் பிறகு வாங்கினேன், ஏன் என்று இரண்டு மணி நேரம் ஓட்டியவர்களிடம் விளக்கத் தேவையில்லை. வேகம் காட்டும் மீட்டருக்கு மொபைல் இருக்கிறது. ஆனால் ஹெல்மெட்டிலும் பின்விளக்கிலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஈசிஆரில் விடியற்காலை நான்கரை மணிக்குப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு நம் ஃப்ரேம் என்ன ரகம் என்று தெரியாது, சிவப்பு வெளிச்சம்தான் தெரியும்.

இப்போது கூட்டத்தோடு கோவளம் வரை ஒட்டிக்கொண்டு போகிறேன். முன்னால் போகிறவரின் நிழலில் ஒதுங்கி மிதிக்கும் வித்தையும் கொஞ்சம் வந்திருக்கிறது. அடுத்து 200 கி.மீ. ஆடாக்ஸ் (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்று போகலாமா என்று ஆசை. பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் டீ, இட்லி, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.கூட வரவில்லை. இதற்கு கார்பன் வண்டி எதற்கு? முதுகு தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், ஆபீஸில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர். என் வண்டியைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது, பட்ஜெட்டும் கிட்டத்தட்ட அதேதான். உயரம் ஐந்தடி ஒன்று, உள்கால் அளவு 70 செ.மீ. கணக்குப்படி 47 அளவு வருகிறது. தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, செகண்ட் ஹேண்ட் சந்தை என்னைப் போன்ற நடுத்தர உயர ஆண்களுக்கானது என்று. 52, 54, 56 கொட்டிக் கிடக்கின்றன. சின்ன அளவு வந்தால் ஒன்று பிள்ளைகள் வண்டியாக இருக்கிறது, இல்லை பெரிய ஃப்ரேமைச் சின்னது என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். சின்ன ஃப்ரேமில் 700சி சக்கரம் போட்டால் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கவும் செய்யும், அதையும் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அவர் புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், சின்ன அளவிலும் வரும் கம்பெனியாகப் பார்த்து, கூடப் பத்தாயிரம் போட்டு. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் யார் வீட்டுப் பால்கனியிலாவது 46, 47 அளவில் ஒரு ரோடு பைக் துணிக்கொடிக்கு இடைஞ்சலாக நின்றால் சொல்லுங்கள். அண்ணன் டேப்போடு வரத் தயாராக இருக்கிறார்.